பெட்டியைப் போட்டதும் எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது யார்?

நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரவு சாப்பிட்டபின் படியுங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய அம்மாவோ அப்பாவோ இருந்தால் இப்போதே படித்துவிடுங்கள்.

போன வாரம் "டிவி பெட்டி போட்ட உடனே நாம் விரும்பும் செயலி தானாகத் திறக்க வழி உண்டா?" என்று இங்கே இரண்டு வரியில் கேட்டிருந்தேன். நாற்பது பேருக்கு மேல் பதில் போட்டீர்கள். நன்றி. அதில் பாதிப் பேர், "சார், இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். சிரித்தவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இது பிரச்சினைதான். சின்னப் பிரச்சினையும் இல்லை.

என் அம்மாவுக்கு 86 வயது. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊரில், பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். நான் 14 கிலோமீட்டர் தள்ளி டவுனில். "வந்துடும்மா" என்று பத்து வருஷமாகக் கூப்பிடுகிறேன், வரவில்லை. அப்பா போன வீட்டை விட்டு வர மாட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் நான் போகிறேன். மற்ற நேரத்தில் துணை என்று இருப்பது ஒரு பூனையும் அந்த டிவியும்தான்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்து தெரியாது. 36 வருஷம் ஊர்ப்பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவன், பெற்ற தாய்க்கு சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு. ஆனால் டிவி பார்க்க எழுத்து தேவைப்பட்டதில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் படம் வரும். நேற்று இரவு எந்தச் சேனலில் விட்டாரோ அதே சேனல் காலையிலும் நிற்கும். காலையில் பக்திப் பாட்டு, மதியம் செய்தி, ராத்திரி ஏழரைக்கு ஒரு தொடர். அவ்வளவுதான் அவர் தேவை.

இரண்டு வருஷம் முன்பு கேபிள் கம்பி அறுந்தது. தெருக்கோடியில் இருப்பது ஆறே வீடு. கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள். டிஷ் வைக்கலாம் என்றால் சுற்றிலும் தென்னை. ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன், "அப்பா, கவலையை விடுங்க" என்று ஒரு ஸ்டிக் வாங்கி அனுப்பினான். இன்டர்நெட்டும் போட்டாயிற்று. எந்தக் கம்பெனி ஸ்டிக் என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். ஒருவரை மட்டும் சொல்லி மற்றவரைத் தப்பவிட மனமில்லை.

அம்மா பார்க்கும் மூன்றும் ஒரே செயலியில் கிடைக்கின்றன. ஆனால் அந்தச் செயலிக்குப் போய்ச் சேர வேண்டுமே! பெட்டியைப் போட்டதும் "யார் பார்க்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி. அதைத் தாண்டினால் திரையில் முக்கால்வாசிக்கு ஏதோ ஒரு படத்தின் விளம்பரம். அதற்குக் கீழே "உங்களுக்காக" என்று ஒரு வரிசை. அதற்கும் கீழே செயலிகள். அதில் நாலாவதாக அம்மாவுடையது. நான் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது அமுக்கு.

அம்மா போன் செய்வார். "தம்பி, பெட்டி என்னமோ கேக்குதுடா."

என்ன கேட்கிறது என்று அவரால் படித்துச் சொல்ல முடியாது. எனக்கோ அது தெரியாமல் வழி சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை திரையில் அந்த விளம்பரப் படமே நிற்கும். ஒருநாள் அது பேய்ப் படம். தனியாக இருக்கும் கிழவி, விளக்கு வைக்கும் நேரத்தில் பெட்டியைப் போட்டால், ரத்தம் வழியும் முகம் ஒன்று சத்தத்தோடு வந்து நிற்கிறது. யார் கேட்டார்கள் அதை?

சரி, நாம் வாத்தியார்தானே, சொல்லிக்கொடுத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். ரிமோட்டில் நடுப் பொத்தானில் சிவப்பு நகப்பாலிஷ் வைத்தேன். வாய்ப்பாடு மாதிரி சொல்லவைத்தேன். "நடுவுல ஒண்ணு. கீழ ரெண்டு. வலது பக்கம் மூணு. நடுவுல ஒண்ணு." அதற்கு அப்புறம் செயலிக்குள்ளே இரண்டு. நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. அம்மா தானே போட்டுவிட்டார். 86 வயதில், எழுத்து தெரியாதவர், ஒன்பது படியை மனப்பாடம் செய்து பிழையில்லாமல் ஒப்பித்துவிட்டார். பணியில் இருந்தபோது எத்தனையோ பிள்ளைகள் முதல் மார்க் வாங்கிப் பார்த்திருக்கிறேன். இந்த மகிழ்ச்சி வேறு.

மூன்று வாரம் போயிற்று. ஒரு ராத்திரி ஸ்டிக் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில் திரையில் புதிதாக ஒரு வரிசை முளைத்திருந்தது. யாரோ காசு கொடுத்த வரிசை. அம்மாவின் செயலி ஒரு வரிசை கீழே இறங்கிவிட்டது. அம்மா பாவம், படித்ததைப் படித்தபடியே செய்திருக்கிறார். கீழே ரெண்டு, வலது மூணு, நடுவில் ஒண்ணு. வந்து நின்றது ஏதோ சந்தாப் பக்கம். பணம் கட்டு என்று கேட்கிறது. அம்மா பயந்துபோய்ச் சுவிட்சையே அணைத்துவிட்டார்.

பாடத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளை தோற்றுப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன். வினாத்தாள் கடினம் என்றால் சமாதானம் சொல்லலாம். இங்கே மாணவி எழுதிக்கொண்டிருக்கும்போதே கரும்பலகையைத் தூக்கி வேறு சுவரில் மாட்டிவிட்டார்கள்.

அடுத்த தடவை போனபோது டிவி மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. "ஏம்மா, பாக்கலையா?" என்றேன். "எதுக்குத் தம்பி கரண்டு வீணா" என்றார். கரண்டு இல்லை காரணம். மறுபடி மறுபடி கேட்க வெட்கம். தனக்குப் புத்தி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். அந்தத் துண்டைப் பார்த்தபிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் இந்தப் பதிவு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. அமைப்புகள் பகுதியில், "பெட்டி ஆன் ஆனதும் திறக்க வேண்டிய செயலி எது?" என்று ஒரு வரி. அதில் வீட்டுக்காரர் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கட்டும். வேண்டாதவர் சும்மா விடட்டும். இந்த ஒரு வரியை ஏன் வைக்கவில்லை?

சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டேன். கைகட்டி நின்ற பையன் இப்போது எனக்குப் பாடம் எடுத்தார். ஆண்ட்ராய்டு பெட்டி ஒவ்வொன்றும் துவங்கி முடித்ததும் "நான் எழுந்துவிட்டேன்" என்று உள்ளுக்குள் ஓர் அறிவிப்புக் கொடுக்குமாம். காலை மணி அடிப்பது மாதிரி. அந்த மணியைக் கேட்டு எந்தச் செயலியும் வேலையைத் துவக்க முடியும். முன்பெல்லாம் தன் முகத்தைத் திரையில் காட்டிக்கொண்டே துவங்கலாம். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து, பின்னணியில் இருக்கும் செயலி தானாகத் திரைக்கு முன்னால் வரத் தடை. அந்தத் தடையில் நியாயம் உண்டு. கண்ட செயலியும் கண்ட நேரத்தில் முன்னால் குதித்தால் போன் போனாக இருக்காது. செயலி தானாகக் குதிக்கக் கூடாது என்பது சரி. ஆனால் வீட்டுக்காரர் கூப்பிட்டால்? அதற்கு ஒரு வழி வைக்க வேண்டாமா? "முடியாதுன்னு இல்ல சார், குடுக்க மாட்டாங்க" என்றார் மாணவர்.

குடுக்கவே மாட்டார்களா என்றால், குடுக்கிறார்கள். யாருக்கு என்று பாருங்கள்.

ஓட்டல் அறைகளில் இருக்கும் டிவிக்கு ஓட்டல் மோடு என்று ஒன்று உண்டு. ஆன் செய்தால் இந்தச் சேனல்தான் வர வேண்டும், சத்தம் இதற்குமேல் போகக் கூடாது என்று முதலாளி முடிவு செய்து பூட்டிவிடலாம். கடைகளில் விலைப்பட்டியல் காட்டும் திரைகள், ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் காட்டும் திரைகள் எல்லாம் கரண்டு வந்ததும் நேராகத் தன் வேலையில் வந்து நிற்கின்றன. ஒரே செயலியில் பூட்டி நிறுத்தும் வசதி 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5-லிருந்தே இருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆக, ஓட்டல்காரர் கேட்டால் உண்டு. கடைக்காரர் கேட்டால் உண்டு. காசு கொடுத்து வாங்கிய என் அம்மா கேட்டால் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை நம் நாட்டிலேயே ஒரு வழக்கில் இருக்கிறது. கேபிள் பெட்டியைப் போட்டவுடன் நாம் கேட்காமலே ஒரு சேனல் வந்து நிற்குமே, கவனித்திருக்கிறீர்களா? அதற்கு லேண்டிங் பக்கம் என்று பெயர். அந்த இடத்துக்குச் சேனல்காரர்கள் கேபிள் நிறுவனங்களுக்குப் பணம் கட்டுகிறார்கள். பெட்டியைப் போட்டவர் எல்லாரும் அதைப் பார்த்தவராகக் கணக்கில் ஏறிவிடுவார்கள் என்பது ஆசை. பார்வையாளர் எண்ணிக்கையில் சேரும் சேனல்களை அந்த இடத்தில் வைக்கக் கூடாது என்று 2018 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. 2019 மே மாதம் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. டிராய் உச்ச நீதிமன்றம் வரை போனது.

பெட்டி போட்டவுடன் வரும் முதல் சில வினாடிகளுக்காக நாட்டின் பெரிய பெரிய சேனல்கள், ஒழுங்குமுறை ஆணையம், தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் எல்லாம் இறங்கிச் சண்டை போட்டிருக்கின்றன. அந்த இடத்துக்கு அவ்வளவு விலை. அதைத்தான் நாம் "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்று சிரித்துவிட்டுப் போகிறோம்.

ஸ்டிக்கிலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். அமெரிக்காவில் 2023 நவம்பரிலிருந்து ஃபயர் டிவி சாதனங்கள் துவங்கியதும் முழுத்திரை வீடியோ விளம்பரம் தானாக ஓட ஆரம்பித்தது. பார்த்தீர்களா? துவங்கியதும் ஒன்றைத் தானாக ஓட்டுவது அவர்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. விளம்பரம் தானாக ஓடலாம்; அம்மாவின் பக்திப் பாட்டு தானாக ஓடக் கூடாது.

ரிமோட்டைப் பாருங்கள். கம்பெனிப் பெயர் போட்ட பொத்தான்கள் மூன்று நான்கு இருக்கும். 2011-ல் நெட்ஃப்ளிக்ஸ் துவக்கிவைத்த பழக்கம் இது. ஒரே அமுக்கில் செயலி திறக்கும். அம்மா கேட்பதும் அதே ஒரே அமுக்குதான்! அந்தப் பொத்தான்களில் ஒன்றை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றால் பெரும்பாலான ரிமோட்டில் முடியாது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், 2024-ல் கூகுள் வெளியிட்ட ஸ்ட்ரீமர் பெட்டியின் ரிமோட்டில் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளும் பொத்தான் ஒன்று வைத்தார்கள். வைத்தால் வானம் இடிந்து விழாது என்பதற்கு அதுவே சாட்சி.

இனி எதிர்வாதங்கள். கருத்துப் பெட்டியில் வந்தவைதான்.

"சார், விலை மலிவாகத் தருகிறார்கள். விளம்பரம் காட்டாமல் எப்படிக் கட்டுப்படியாகும்?" நல்ல கேள்வி. அமெரிக்காவின் ரோக்கு கம்பெனிக் கணக்கைப் பாருங்கள். 2023-ல் மொத்த வருமானம் ஏறத்தாழ 348 கோடி டாலர். அதில் விளம்பரம், சந்தாவில் பங்கு போன்றவற்றில் வந்தது மட்டும் ஏறத்தாழ 299 கோடி. பெட்டி விற்றதில் நட்டம். ஆக, பெட்டி தூண்டில். மீன் நாம். இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படியென்றால் கடையில் பெட்டி மேல் அதை எழுதி ஒட்டுங்கள். "இந்தச் சாதனம் துவங்கும்போது விளம்பரம் காட்டும், அதை மாற்ற முடியாது" என்று. கூடுதலாக 500 ரூபாய் கொடுத்தால் விளம்பரம் இல்லாமல் தருகிறோம் என்று சொல்லுங்கள்; கொடுக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் விற்றுவிட்டு, வீட்டுக்குள் வந்தபிறகு இரவோடு இரவாக வரிசை மாற்றுவதற்குப் பெயர் மலிவு விற்பனை இல்லை. தவிர, முப்பதாயிரம் நாற்பதாயிரம் கொடுத்து வாங்கும் டிவியிலும் இதே வரிசைகள்தானே வருகின்றன? அங்கே என்ன மலிவு?

"குரல் ரிமோட் இருக்கிறதே, பெயரைச் சொன்னால் திறக்குமே?" அம்மாவுக்குப் பல் இல்லை. பேச்சு தஞ்சாவூர் ஜில்லாப் பேச்சு. செயலியின் பெயரோ இங்கிலீஷ். அவர் ஒன்று சொல்ல, அது ஒன்று தேட, கடைசியில் கிரிக்கெட் வந்து நின்றது.

"பெரியவர்களும் கத்துக்கணும் சார், காலம் மாறுது." இதைச் சொன்ன தம்பிக்குத்தான் மேலே உள்ள ஒன்பது படிக் கதை. அவர் கற்றுக்கொண்டார். கற்றதை நிற்கவிடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அரிச்சுவடியின் வரிசையை மாற்றினால் எந்தப் பிள்ளை படிக்கும்?

"வேறு நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது?" ஜெர்மனியில் 2020 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊடக ஒப்பந்தச் சட்டத்தில், இத்தகைய திரைகளில் வரிசையையும் அமைப்பையும் பயன்படுத்துபவர் எளிதாகவும் நிலையாகவும் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடிய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு சொல்லைக் கவனியுங்கள். எளிதாக. நிலையாக. அம்மாவுக்கு வேண்டியது அந்த இரண்டு சொல்தான். இங்கிலாந்தில் 2024-ல் ஊடகச் சட்டம் கொண்டுவந்து, பொதுச் சேவை ஒளிபரப்பாளர்களின் செயலிகள் ஸ்மார்ட் டிவியில் எளிதில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்றார்கள்.

நம் நாட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டு டிவி விஷயத்தில் கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையம் விசாரணை நடத்தி, 2025 ஏப்ரலில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கூகுள் 20.24 கோடி ரூபாய் கட்டியது. டிவி தயாரிப்பவர்கள் கூகுள் செயலிகளைக் கட்டாயமாகக் கொத்தோடு ஏற்ற வேண்டியதில்லை, பிளே ஸ்டோரைத் தனியாக உரிமம் வாங்கலாம் என்று ஆயிற்று. நல்லது. தயாரிப்பவருக்குச் சுதந்திரம் கிடைத்தது. வாங்குபவருக்கு? கூகுள் கட்டிய கொத்துக்குப் பதில் டிவி கம்பெனி கட்டும் கொத்து. அம்மாவின் செயலி எப்போதும் போல நாலாவது வரிசையில்.

பயன்படுத்திக்கொள்ள நம் கையில் சட்டம் இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 13 வகை பட்டியலிட்டிருக்கிறார்கள். திரை அமைப்பை வளைத்து, பயனாளி போக நினைக்கும் வழியிலிருந்து திசைதிருப்புவதும் அதில் ஒன்று. விளம்பரத்தை மற்ற உள்ளடக்கம் போல வேஷம் கட்டிக் காட்டுவதும் ஒன்று. "உங்களுக்காக" என்று போட்டுவிட்டுக் காசு வாங்கிய படத்தைக் காட்டுவது வேறென்ன? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்கள் எல்லாரும் பயன்படுத்தத்தக்க வடிவமைப்பில் வருவதை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. கை நடுங்குபவர், கண் மங்கியவர், எழுத்து தெரியாதவர் இவர்களெல்லாம் இந்த நாட்டில் சிறுபான்மை என்று யாராவது நினைத்தால் ஒருநாள் பென்ஷன் வாங்கும் வரிசையில் வந்து நின்று பாருங்கள்.

சரி, சட்டம் வரும்போது வரட்டும். இப்போதைக்கு என்ன செய்யலாம்? நாற்பது பேர் சொன்னதில் எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் சோதித்துப் பார்த்தவை, மாணவர் சரி என்று சொன்னவை மட்டும் தருகிறேன். மாடலுக்கு மாடல் பெயர் கொஞ்சம் மாறும்.

1. சாம்சங் ஸ்மார்ட் டிவி: அமைப்புகளில் ஜெனரல் போய், ஸ்மார்ட் ஃபீச்சர்ஸ் உள்ளே "ஆட்டோரன் லாஸ்ட் ஆப்" என்று இருக்கும். அதைப் போட்டால் கடைசியாகப் பார்த்த செயலியே அடுத்த தடவையும் திறக்கும். பக்கத்தில் "ஆட்டோரன் ஸ்மார்ட் ஹப்" என்பதை அணைத்துவிடுங்கள். பார்த்தீர்களா, ஒரு கம்பெனியால் முடிகிறது!

2. எல்ஜி டிவி: ஹோம் அமைப்பில் "ஆட்டோ லாஞ்ச்" என்பதை அணைத்தால், போட்டதும் முகப்புத் திரை வந்து மறைக்காது.

3. கூகுள் டிவி: கணக்கு அமைப்பில் "ஆப்ஸ் ஒன்லி மோட்" உண்டு. போட்டால் பரிந்துரை வரிசைகள் பெரும்பாலும் மறைந்து செயலிகள் மேலே வரும். தானாகத் திறக்காது, ஆனால் அமுக்கு குறையும்.

4. ஃபயர் டிவி: பிரிஃபரன்சஸ் உள்ளே "ஃபீச்சர்டு கன்டென்ட்" போய் வீடியோ, ஆடியோ இரண்டும் தானாக ஓடுவதை அணையுங்கள். பேய் சத்தம் போடாது.

5. ஆண்ட்ராய்டு டிவி பெட்டி: துவங்கியதும் ஒரு செயலியைத் திறந்துவிடுவதற்கென்றே பிளே ஸ்டோரில் சிறிய செயலிகள் இருக்கின்றன. ஏற்றியபின் "மற்ற செயலிகள் மேல் காட்ட அனுமதி" என்று கேட்கும்; கொடுத்தால்தான் வேலை செய்யும். முக்கியமான ஒன்று: ரிமோட்டில் அணைத்தால் பெட்டி அணைவதில்லை, தூங்குகிறது. ஆகவே "துவங்கும்போது" என்பதோடு "விழிக்கும்போது" என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். இது தெரியாமல்தான் நான் இரண்டு நாள் முட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் கரண்டு போய்ப் போய் வரும். அப்போது உண்மையிலேயே முதலிலிருந்து துவங்கும். இரண்டும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சில செயலிகள் "அணுகல்தன்மை" அனுமதி கேட்கும். அதைக் கொடுத்தால் திரையில் நடப்பதையெல்லாம் அது பார்க்க முடியும். யார் செய்தது என்று தெரியாத செயலிக்கு அதைக் கொடுக்காதீர்கள். ஏடிபி போடுங்கள், வெளியிலிருந்து இறக்குங்கள் என்று வழி சொன்ன தம்பிகளுக்கும் இதுதான் என் பதில். உங்கள் திறமை பெரிது. ஆனால் என் வீட்டுக் கதவு எனக்குத் திறக்க, முகம் தெரியாதவரிடம் சாவி கொடுக்க வேண்டுமா? அந்த வழியும் குறுகிக்கொண்டே வருகிறது. 2025-ல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலெக்டில் ஆண்ட்ராய்டே இல்லை. வேகா என்று அவர்களுடைய சொந்த இயங்குதளம். வெளியிலிருந்து செயலி இறக்க முடியாது. இன்றைக்கு ஜன்னல் வழியாக நுழைகிறோம். நாளைக்கு ஜன்னலையும் அடைப்பார்கள். அதனால்தான் வாசலைக் கேட்க வேண்டும் என்கிறேன்.

கடைசியாக ஒரு வாத்தியார் பார்வை. நம் ஊர்ப் பாடப்புத்தகத்தைத் திறந்தால், பாடம் வருவதற்கு முன்னால் தீண்டாமையைக் கண்டிக்கும் மூன்று வரி இருக்கும். யாரும் பரீட்சையில் கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளை கண்ணிலும் ஒவ்வொரு வருஷமும் படும். திறந்ததும் எது கண்ணில் படுகிறதோ அதற்கு ஒரு பலம் உண்டு என்று தெரிந்தவர்கள் வைத்த இடம் அது. சோப்புக் கம்பெனி அந்தப் பக்கத்தை விலைக்குக் கேட்டால் கொடுப்போமா? ஊரே திரண்டு வந்துவிடும். வீட்டுக் கூடத்தில் இருக்கும் திரையின் முதல் பக்கத்தை மட்டும் கேட்பாரில்லாமல் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வார்த்தை. என்னையும் சேர்த்துத்தான். பெட்டியை ஆன்லைனில் வாங்கி அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பார்ப்பதற்கு எத்தனை அமுக்கு என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் போனால் அந்தப் பெட்டி அவர்களுக்காகச் செய்ததில்லை. மேலே சொன்னதில் ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகாரும் பதிவு செய்யுங்கள். நான் பதிவு செய்துவிட்டேன். ஒரு புகார் கொசு. ஆயிரம் புகார் வந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

கேட்க வேண்டியவை மூன்றே. ஆன் ஆனதும் எது திறக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்க ஒரு வரி. வீட்டுக்காரர் வைத்த வரிசையைப் புதுப்பிப்பு வந்தாலும் மாற்றக் கூடாது. துவக்கத்தில் விளம்பரம் வரும் என்றால் அதை அட்டைப்பெட்டி மேல் தமிழிலும் எழுது.

எங்கள் வீட்டில் இப்போதைக்கு ஐந்தாவது வழி வேலை செய்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கும்போதே கரண்டு போய்க் கால் மணி நேரம் கழித்து வந்தது. பெட்டி எழுந்தது. முகப்புத் திரை ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மறைந்தது. அம்மாவின் செயலி தானாக வந்து நின்றது. ஒன்பது அமுக்கு இரண்டு ஆகிவிட்டது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப ஒண்ணும் கேக்க மாட்டேங்குது தம்பி" என்றார்.

அடுத்த புதுப்பிப்பு எப்போது வரும், இதையும் எப்போது உடைக்கும் என்று தெரியாது. துண்டை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பின்குறிப்பு: பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம், அனுமதி கேட்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெட்டிக்கு எத்தனை அமுக்கு என்று எண்ணிக் கருத்தில் எழுதுங்கள். சிரிப்புப் பொம்மை போடுகிறவர்கள் எண்ணிவிட்டுப் போடுங்கள்.